தறியைத் தானே நிற்கச் செய்த தச்சர் மகன்

வீண் என்ற சொல்லைக் கேட்டதும் நம் நினைவுக்கு வருவது பெரும்பாலும் காசும் பண்டமுமே. விளக்கை அணைக்காமல் விட்டது வீண், சோற்றைக் கொட்டியது வீண் என்று இளமை முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் ஆலையில் பணிபுரியும் அன்பர்கள் அறிவார்கள், அங்கே வீணாவது எளிதில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை என்பதை. ஒருவர் கையில் நேர்ந்த பிழையை அறியாது அடுத்தவர் அதன்மேல் தம் உழைப்பை ஏற்றுவார். வாங்குவோர் இல்லாத சரக்கு கிடங்கிலே மலையாகக் குவியும். எதுவும் செய்ய வேண்டாத நேரத்திலும் இயந்திரத்தின் முகத்தைப் பார்த்தவண்ணம் ஒரு மனிதன் எட்டு மணி நேரம் நின்றுகொண்டிருப்பான். இவற்றையெல்லாம் வீண் என்று கண்டு களையும் முறை இன்று உலகெங்கும் பரவியுள்ளது. வேண்டாத சதையின்றி மெலிந்து உரம்பெற்ற உடலை உவமையாகக் கொண்டு அதற்கு ‘லீன்’ முறை என்று பெயரிட்டிருக்கின்றனர். இம்முறை ஜப்பான் நாட்டு மோட்டார் ஆலையிலே வளர்ந்தது என்பது பலரும் அறிந்ததே. அதன் வேர் மோட்டார் வண்டியில் இல்லை, ஒரு நெசவுத் தறியில் இருக்கிறது என்பதும், அத்தறியைச் செய்தவர் கல்லூரி வாசலையே மிதித்திராத ஒரு தச்சர் மகன் என்பதும் அத்துணைப் பரவலாக அறியப்படவில்லை. அவர்தம் பெயர் ஸாகிச்சி டொயோடா.

ஜப்பானின் நடுப்பகுதியில், ஹமானா ஏரிக்கு மேற்கே, யமகுச்சி என்றொரு சிற்றூர். அவ்வூரில் 1867-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் நாள் ஸாகிச்சி பிறந்தார். தந்தையார் இக்கிச்சி உழவும் தச்சும் செய்து குடும்பத்தை நடத்தியவர். செழிப்பில்லாத ஊர், பெண்கள் வீட்டிலே பருத்தித் துணி நெய்து கிடைக்கும் சிறு வருவாயும் சேர்ந்தால்தான் அடுப்பு எரியும். மறு ஆண்டிலேயே பழைய ஷோகன் ஆட்சி முடிந்து மெய்ஜி மன்னரின் புது ஆட்சி தொடங்கியது. இரும்புப் பாதையும் நீராவி இயந்திரமும் துறைமுகங்கள் வழியாக நாட்டுக்குள் புகுந்தன. அவற்றோடு மேனாட்டு ஆலைத் துணியும் புகுந்தது. கைத்தறியை நம்பியவர்களுக்கு அது என்ன செய்தது என்பதைக் காஞ்சியிலும் சேலத்திலும் உறவினர் உடையவர்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

தொடக்கப் பள்ளியோடு ஸாகிச்சியின் படிப்பு நின்றது. தந்தையிடம் உளி பிடிக்கக் கற்றார். ஆனால் மனம் தச்சில் அடங்கவில்லை. 1885-இல் அரசாங்கம் காப்புரிமைச் சட்டத்தைப் பிறப்பித்தது. புதியதொன்றைக் கண்டுபிடிப்பவனுக்கு அதன் பயன் உரியது என்பது அச்சட்டத்தின் சாரம். பதினெட்டு வயது இளைஞருக்கு இது ஒரு வாசல் திறந்தது போல் இருந்தது. பணமும் படிப்பும் இல்லாதவன் நாட்டுக்கு ஏதேனும் செய்ய வேண்டுமாயின் இதுவே வழி என்று துணிந்தார். எதைக் கண்டுபிடிப்பது? அன்னை தறியில் அமர்ந்து படும் பாட்டை அன்றாடம் கண்டவருக்கு அதற்கான விடையைத் தேடித் தொலைவு செல்ல வேண்டியிருக்கவில்லை.

கொட்டகையில் அடைந்துகொண்டு மரத்தைச் செதுக்குவதும், செய்ததை உடைப்பதும், மறுபடி செய்வதுமாக ஆண்டுகள் கழிந்தன. ஊரார் பித்தன் என்றனர். குலத்தொழிலைக் கெடுக்கிறான் என்று தந்தையாரும் சினந்தார். 1890-இல் டோக்கியோவின் ஊயெனோ பூங்காவில் தேசியத் தொழிற் கண்காட்சி நடைபெற்றது. ஸாகிச்சி நாள்தோறும் சென்று இயந்திரங்களின் முன் மணிக்கணக்காக நின்றார். காவலர்கள் அவரை ஐயுற்று நோக்கும் அளவுக்கு அந்நிலை நீண்டது. ஊர் திரும்பிய அவ்வாண்டே அவரது முதல் தறி உருவாயிற்று. அது முற்றும் மரத்தாலானது. அதுவரை ஒரு கை நாடாவை ஓட்டவும் மறு கை பலகையை இழுத்து ஊடையை நெருக்கவும் வேண்டியிருந்தது. இப்புதுத் தறியில் ஒரு கையால் பலகையை முன்னும் பின்னும் அசைத்தாலே நாடா தானாக ஓடும். நெய்யும் அளவு ஏறத்தாழ ஒன்றரை மடங்காயிற்று. துணியும் சீராக வந்தது. 1891-இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. அவருக்கு அப்போது வயது இருபத்து நான்கு.

கதைகளில் இந்த இடத்திலே செல்வம் வந்து சேரும். வாழ்க்கையில் அவ்வாறு நிகழவில்லை. டோக்கியோவில் அத்தறிகளைக் கொண்டு அவர் தொடங்கிய சிறு நெசவுக் கூடம் நெடுநாள் நிலைக்கவில்லை. கையிலிருந்த காசும் கடன் வாங்கியதும் அடுத்த ஆராய்ச்சியில் கரைந்தன. 1894-இல் மகன் கிச்சிரோ பிறந்தான். கணவர் இரவும் பகலும் மரச்சட்டங்களோடு வாழ்வதைப் பொறுக்கலாற்றாத முதல் மனைவி, கைக்குழந்தையை விட்டுவிட்டுப் பிரிந்து சென்றார். குழந்தையைப் பாட்டனாரும் பாட்டியாரும் வளர்த்தனர். வீணானதையெல்லாம் களையப் பிறந்தவர் தம் இல்லத்தில் எதை இழக்கிறோம் என்பதை அந்நாளில் உணர்ந்தாரா என்று கேட்கத் தோன்றுகிறது. பெரியோர் வரலாற்றில் இத்தகைய பக்கங்களை நாம் விரைந்து புரட்டிவிடுகிறோம். அவ்வாறு புரட்டுவது சரியன்று.

அதே 1894-இல் அவர் செய்த நூல் சுற்றும் கருவி நன்கு விலைபோயிற்று. அவ்வருவாயைக் கொண்டு, 1896-இல் விசைத்தறி ஒன்றை உருவாக்கினார். ஜப்பானியர் ஒருவர் படைத்த முதல் விசைத்தறி அதுவே. 1898-இல் அதற்குக் காப்புரிமை வாய்த்தது. இரும்பு இன்றியமையாத இடங்களில் மட்டும் இரும்பும், ஏனைய இடங்களில் மரமும் வைத்துச் செய்ததால் வெளிநாட்டுத் தறியைக் காட்டிலும் விலை மிகக் குறைவாயிருந்தது. இஷிகாவா தோஹாச்சி என்னும் வணிகரோடு கூட்டாகச் சேர்ந்து ஒக்காவா என்ற ஊரில் அத்தறிகளை ஓட்டினார். அங்கிருந்து வந்த துணி வழக்கத்துக்கு மாறாக ஒரே சீராக இருப்பதைக் கண்டு வியந்த மிட்சுயி வணிக நிறுவனத்தார் காரணம் தேடிச் சென்று தறியையும் அதைச் செய்தவரையும் கண்டனர்.

அத்தறியிலே இருந்த ஒரு சிறு உறுப்பைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இக்கட்டுரையின் உயிர்நிலை அதுதான்.

பாவு நூல்களுக்கு இடையே நாடா ஓடும்போது அது ஊடை நூலை விட்டுச் செல்கிறது. இடையில் ஊடை அறுந்துவிட்டாலோ, தாரில் நூல் தீர்ந்துவிட்டாலோ, கைத்தறியில் நெய்பவர் உடனே கண்டு நிறுத்திவிடுவார். விசைத்தறிக்குக் கண் கிடையாது. நூல் இல்லை என்பதை அறியாமல் அது வெறும் நாடாவை அங்குமிங்கும் வீசிக்கொண்டே இருக்கும். துணியில் பழுது விழும். இதைத் தடுக்க அந்நாளில் ஆலைகள் கண்ட வழி, தறிகளின் பக்கத்தில் ஆளை நிறுத்துவது. அப்பெண்ணின் வேலை நெய்வதன்று. தறி எப்போது தவறு செய்யும் என்று காத்திருப்பது. மனிதப் பிறவியின் பொழுது அவ்வாறு கழிந்தது.

ஸாகிச்சி இதை வேறு விதமாக நோக்கினார். ஊடை நூல் இருக்கும் வரை அது தாங்கி நிற்கும்படியாக ஒரு சிறு முள்ளை அமைத்தார். நூல் இல்லாமற்போனால் முள்ளின் நிலை மாறும், விசை விடுபடும், தறி நின்றுவிடும். தறியை ஓடச் செய்வதில் உலகம் முனைந்திருந்த காலத்தில், அதைத் தக்க நேரத்தில் நிற்கச் செய்வதைப் பற்றி அவர் சிந்தித்தார். நூலறுந்தால் தறியை நிறுத்தும் கருவிகள் மேனாட்டிலும் இருந்தன என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் அவர் அதை ஒரு துணைக் கருவியாகக் கருதாமல், தறி என்றாலே தன் பிழையைத் தானே உணர வேண்டும் என்ற நெறியாகக் கொண்டார். தறி தானே நிற்குமாயின் ஆள் பக்கத்தில் காத்து நிற்க வேண்டியதில்லை. நின்ற தறியிடம் மட்டும் சென்றால் போதும். பழுதுத் துணி பிறக்கும் முன்னரே தடுக்கப்படுவதால் பின்னர் அதைத் தேடிப் பிரித்தெடுக்கும் வேலையும் இல்லை.

1903-இல், நூல் தீரும்போது தறி ஓடிக்கொண்டிருக்கையிலேயே நாடாவை மாற்றும் அமைப்பைக் கண்டுபிடித்தார். ஆனால் ஆலையில் வைத்துச் சோதித்தபோது அது எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. தம் கையால், தம் ஆலையில், நெடுநாள் ஓட்டிப் பார்க்காத எதையும் வெளியே அனுப்புவதில்லை என்ற உறுதியை அத்தோல்வி அவருக்குத் தந்தது. 1907-இல் மிட்சுயியாரின் ஆதரவோடு டொயோடா தறிக் கம்பெனி தோன்றியது. பெயர் அவருடையது, முதல் பிறருடையது. வாணிபம் மந்தமானபோது, ஆராய்ச்சியில் பணம் கரைவதே நட்டத்துக்குக் காரணம் என்று பழி அவர் மேல் விழுந்தது. 1910-இல் தம் பெயரையே தாங்கிய கம்பெனியிலிருந்து அவர் விலக நேர்ந்தது.

நாற்பத்து மூன்று வயது. கையில் ஆலை இல்லை. நொந்த உள்ளத்தோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அங்குள்ள பருத்தி ஆலைகளில் புகழ்பெற்ற நார்த்ராப் தானியங்கித் தறிகள் ஓடுவதைக் கண்டார். கூர்ந்து பார்க்கப் பார்க்கத் தம் தறி அவற்றுக்குத் தாழ்ந்ததன்று என்ற தெளிவு பிறந்தது. நியூயார்க்கில் வாழ்ந்த ஜப்பானிய வேதியியல் அறிஞர் ஜோக்கிச்சி தகமினே அவரைச் சந்தித்து ஊக்கமூட்டினார். அயலூரில் நம் மொழி பேசுபவர் ஒருவர் சொல்லும் ஆறுதல் எத்தகைய மருந்து என்பதை நம் காலனியில் யாரிடமும் விளக்க வேண்டாம். தெருக்களில் ஓடிய மோட்டார் வண்டிகளையும் ஸாகிச்சி அங்கே கவனித்தார்.

ஐரோப்பா வழியாக 1911-இல் தாயகம் திரும்பியவர், நாகோயா நகரில் சொந்தமாக நெசவாலை ஒன்றைத் தொடங்கினார். ஆராய்ச்சிக்கு வேண்டிய பணத்தைத் துணி விற்றே ஈட்டுவது, பிறரை எதிர்பார்ப்பதில்லை என்பது அவர் முடிவு. அங்கும் தறிகள் அடிக்கடி நின்றன. காரணத்தை ஆராய்ந்தபோது குற்றம் தறியில் இல்லை, வெளியில் வாங்கிய நூலின் சீர்கேட்டில் இருக்கிறது என்று தெரிந்தது. நூல் அறுந்துகொண்டேயிருந்தால் தறியின் தரத்தை எங்ஙனம் சோதிப்பது? ஆகவே 1914-இல் நூற்பாலையும் வைத்தார். தறிக்காக நூலாலை கண்டவர் அவர். நிற்கும் தறியை மறுபடி ஓட்டிவிட்டுப் போவதோடு நில்லாமல், அது ஏன் நின்றது என்று வேர்வரை தோண்டுவது அவர் இயல்பு. 1918-இல் இவ்வாலை டொயோடா நூற்பு நெசவுக் கம்பெனி ஆயிற்று. பின்னர் 1921-இல் சீனத்தின் ஷாங்காயிலும் ஓர் ஆலை எழுந்தது. ஷாங்காயின் ஜப்பானிய ஆலைகளில் 1925-இல் சீனத் தொழிலாளரின் பெருங்கிளர்ச்சி மூண்டது என்பதையும் வரலாறு குறித்து வைத்திருக்கிறது.

இதற்கிடையில் டோக்கியோ இம்பீரியல் பல்கலைக் கழகத்தில் இயந்திரப் பொறியியல் கற்ற மகன் கிச்சிரோ தந்தையோடு சேர்ந்துகொண்டார். தச்சரின் கையும் பொறியாளரின் கணக்கும் ஒன்றிய பயனாக 1924-இல் ‘ஜி’ வகைத் தறி முற்றுப்பெற்றது. வேகம் சிறிதும் குறையாமல் நாடா தானே மாறியது. ஊடை அறுந்தாலும் நின்றது. நூற்றுக்கணக்கான பாவு நூல்களில் ஒன்று அறுந்தாலும் நின்றது. ஒரு தொழிலாளி முப்பது முதல் ஐம்பது தறிகள் வரை பார்த்துக்கொள்ள முடிந்தது. 1926-இல் கரியா நகரில் இத்தறிகளைச் செய்ய டொயோடா தானியங்கித் தறி ஆலை நிறுவப்பட்டது. 1929-இல் இங்கிலாந்தின் பிளாட் சகோதரர் கம்பெனி, இத்தறியின் உரிமைக்கு 1,00,000 பவுன் தர உடன்பட்டது. ஓல்டம் நகரத்துப் பிளாட் என்பது சிறு பெயரன்று. நம் நாட்டுப் பருத்தி ஆலைகள் பலவற்றுக்கும் இயந்திரம் அனுப்பிய கம்பெனி அது. துணியும் தறியும் கிழக்கு நோக்கியே வந்துகொண்டிருந்த காலத்தில், லங்காஷயர் ஜப்பானியத் தச்சரிடம் தறி முறையை விலை கொடுத்து வாங்கியது. உலக வாணிபம் சரிந்ததால் அத்தொகை பிற்பாடு குறைக்கப்பட்டது. அப்பணத்தைக் கொண்டே மோட்டார் வண்டித் தொழில் பிறந்தது என்று சொல்லும் அழகிய கதையை ஆராய்ச்சியாளர் முழுமையாக ஏற்பதில்லை. எனினும் மோட்டார் ஆராய்ச்சியில் மகன் இறங்குவதைத் தந்தை விரும்பினார் என்பதே வழிவழியாகச் சொல்லப்படுவது.

அவர் கனவுகளில் ஒன்று விந்தையானது. விமானம் பசிபிக் பெருங்கடலைக் கடக்கப் போதிய மின்சாரத்தைச் சேமிக்கவல்ல மின்கலத்தைக் கண்டுபிடிப்பவருக்கென 1925-இல் பத்து லட்சம் யென் பரிசளிக்க முன்வந்தார். அதை வென்றவர் எவருமில்லை. 1930-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள், அறுபத்து மூன்றாம் வயதில் ஸாகிச்சி காலமானார்.

அவர் நெறி எவ்வாறு மோட்டார் ஆலைக்குச் சென்றது? 1937-இல் கிச்சிரோ டொயோட்டா மோட்டார் கம்பெனியைத் தோற்றுவித்தார். வேண்டிய உறுப்பு, வேண்டிய நேரத்தில், வேண்டிய அளவு மட்டுமே வந்து சேர வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. போருக்குப் பின் அங்கே பணியாற்றிய தாயிச்சி ஓனோ என்பவர் 1932-இல் டொயோடா நூற்பு நெசவுக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவர். ஆலையில் ஒரு பெண் பல தறிகளைக் கவனிப்பதைப் பார்த்துப் பழகிய அவருக்கு, மோட்டார் ஆலையில் ஓர் இயந்திரத்துக்கு ஓர் ஆள் நின்றுகொண்டிருப்பது கண்ணை உறுத்தியது. இயந்திரங்கள் தாமே நிற்கும்படி செய்தார். ஒருவரே பலவற்றைப் பார்க்கும்படி அடுக்கினார். பின்னர், கோடு முழுவதையும் நிறுத்தும் கயிற்றைத் தொழிலாளியின் கையிலேயே கொடுத்தனர். பிழையைக் கண்டவர் யாராயினும் இழுக்கலாம். ஜப்பானிய எழுத்தில் ‘தானியங்கி’ என்பதிலுள்ள அசைவைக் குறிக்கும் எழுத்தோடு மனிதனைக் குறிக்கும் கீற்றைச் சேர்த்தால் அது உழைப்பைக் குறிக்கும் எழுத்தாகிவிடும். டொயோட்டாவினர் அவ்வாறே எழுதினர்.

ஏன் என்று ஐந்து முறை கேட்பதும் ஸாகிச்சியின் வழக்கம் என்பர். ஓனோ காட்டும் எடுத்துக்காட்டு இது: இயந்திரம் நின்றது, பளு மிகுந்து ஃப்யூஸ் எரிந்ததால். பளு மிகுந்தது, தாங்கியில் எண்ணெய் போதாமல். எண்ணெய் போதவில்லை, பம்பு சரிவர இழுக்காமல். பம்பு இழுக்கவில்லை, அதன் தண்டு தேய்ந்ததால். தண்டு தேய்ந்தது, வடிகட்டி இல்லாமல் உலோகத் துகள் உள்ளே புகுந்ததால். முதல் கேள்வியோடு நின்றவர் ஃப்யூஸை மாற்றிவிட்டுப் போவார். சில நாட்களில் இயந்திரம் மறுபடியும் நிற்கும். வீண் ஏழு வகைப்படும் என்று வகுத்த ஓனோ, அவற்றுள் கொடியது தேவைக்கு மிஞ்சி உற்பத்தி செய்வதே என்றார். ஏனைய வீண்களையெல்லாம் மூடி மறைப்பது அதுதான் என்பது அவர் கருத்து. ‘லீன்’ என்ற பெயரை 1988-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஒருவர் சூட்டினார்.

நம் இல்லங்கள் பலவற்றில் எழும் கேள்வி ஒன்று உண்டு: ஒருவர் முப்பது தறி பார்த்தால் மற்றவர்கள் எங்கே போவார்கள்? இக்கேள்வி பொய்யானதன்று. டொயோட்டாவிலேயே 1950-இல் பணமுடை முற்றி, நீண்ட வேலைநிறுத்தத்துக்குப் பின் ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்டோர் வெளியேற வேண்டியதாயிற்று. அவர்களை அனுப்பிவிட்டுத் தாம் மட்டும் இருக்க ஒப்பாத கிச்சிரோ, தலைவர் பதவியைத் துறந்தார், 1952-இல் மறைந்தார். அதன்பின் அங்கே எஞ்சிய தொழிலாளருக்கு வேலை நிலைப்பு உறுதியானது. வீணைக் களையும் வேலையில் அவர்களும் பங்கு கொண்டது அதற்குப் பிறகுதான். ஆட்குறைப்புக்கு மட்டும் இப்பெயரைச் சூட்டிக்கொண்ட நிர்வாகங்கள் பல நாடுகளில் உண்டு. அவர்கள் எடுத்துக்கொண்டது முறையின் பாதியைத்தான் என்பது என் எண்ணம். தறியின் பக்கத்தில் காத்து நின்ற பெண்ணை வீண் என்று ஸாகிச்சி கருதவில்லை. அவள் காத்து நின்ற பொழுதையே வீண் என்று கருதினார்.

1985-இல் ஜப்பான் காப்புரிமை அலுவலகம் தன் நூற்றாண்டை ஒட்டி நாட்டின் பெருங் கண்டுபிடிப்பாளர் பதின்மரைத் தேர்ந்தபோது ஸாகிச்சியும் அவருள் ஒருவரானார். நாகோயாவில் அவர் 1911-இல் தொடங்கிய ஆலையின் செங்கற் கட்டடம் 1994 முதல் காட்சிச்சாலையாக விளங்குகிறது. அங்கே அவருடைய பழைய தறிகளைக் காண வருவோர்க்கு இன்றும் ஓட்டிக் காட்டுகின்றனர்.